ஹாலோ பாடி கிட்டாரின் டெயில்பீஸை மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

12 ஆண்டுகளாக நான் வாசித்துவரும் கிட்டார், உள்ளே நடுக்கட்டை எதுவும் இல்லாத முழு ஹாலோ பாடி எலெக்ட்ரிக் வகையைச் சேர்ந்தது. அதிலிருந்த ட்ரபீஸ் டெயில்பீஸை, அதாவது தந்திகளின் அடிமுனைகளைப் பிடித்து நிற்கும் உலோகச் சட்டத்தை, கழற்றிவிட்டு, கைப்பிடியை அசைத்துச் சுரத்தை அலையவைக்கும் பிக்ஸ்பி வைப்ரேட்டோ பொருத்தித் தருமாறு ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். பி6 மாடல்தான் வேண்டும் என்று தாளிலும் எழுதிக் கொடுத்திருந்தேன். ரசீதிலும் பி6 என்றே இருந்தது. ஆனால் திரும்பி வந்த கிட்டாரில் இருந்தது பி7.

இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால் முதல் நாள் நானும் கவனிக்கவில்லை. பி6 கிட்டாரின் அடிப்பக்கத்தில், என்ட்பின் (தோள்வார் மாட்டும் குமிழ்) பதிந்திருக்கும் கட்டையைப் பற்றி நிற்பது. அதற்காக மேற்பலகையில் ஒரு துளைகூட இட வேண்டியதில்லை. பி7-இலோ தந்திகளைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கும் உருளைக் கம்பி ஒன்று கூடுதலாக உண்டு. அழுத்தப்படும் தந்திகள் அந்தக் கம்பியை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால் பி7-இன் முன்பகுதியைப் பலகையில் திருகித்தான் நிறுத்த வேண்டும். 1958-இல் கிப்சன் அறிமுகப்படுத்திய இஎஸ்-335 போல, பலகைக்கு அடியில் கனத்த நடுக்கட்டை ஓடும் கிட்டார்களில் அந்தத் திருகுகள் கடிக்க மரம் இருக்கிறது. என் கிட்டாரில் இருப்பதோ சில மில்லிமீட்டர் கனமே உள்ள ஒட்டுப்பலகை. அதற்குக் கீழே வெறும் காற்று.

ஆறு தந்திகளின் இழுவிசை 50 கிலோவை ஒட்டி வரும். அதில் ஒரு பங்கை அந்த இரண்டு திருகுகள் எத்தனை நாள் தாங்கும்? மூன்றாவது வாரம் திருகுகளைச் சுற்றிப் பலகை மேலெழும்பி, வார்னிஷில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருந்தது. டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு மேற்பலகையில் f எழுத்து வடிவில் இருக்கும் எஃப் துளை வழியாக உள்ளே பார்த்தபோது, திருகு முனைகள் இரண்டும் சிராய்களைப் பிளந்துகொண்டு நீட்டிக்கொண்டிருந்தன. துளையிடுவதற்கு முன் இதே கண்ணாடியை ஒரு முறை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால், அங்கே கட்டை இல்லை என்பது யாருக்கும் தெரிந்திருக்கும்.

அதே கண்ணாடியில் இன்னொன்றும் தெரிந்தது. தந்திகளை மின்சுற்றின் தரை இணைப்போடு சேர்ப்பதற்காகப் பழைய டெயில்பீஸுக்குச் சென்ற கிரவுண்ட் வயர் நுனி வெட்டப்பட்டு, எதனோடும் சேராமல் அடியில் கிடந்தது. ஆம்பில் செருகிய நாள்முதல் இரைச்சல் இருந்ததற்கும், தந்தியைத் தொட்டால் அடங்க வேண்டிய அந்த இரைச்சல் அடங்காமல், கேபிள் பிளக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் அடங்கியதற்கும் அதுவே காரணம். "பழைய பிக்அப் அப்படித்தான் இரையும்" என்று கடையில் சொன்ன பதிலை நான் நம்பியிருந்தேன்.

தந்திகளைப் பலகைக்கு மேலே தாங்கி நிற்கும் பிரிட்ஜையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. இவ்வகைக் கிட்டார்களில் பிரிட்ஜ் ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பதால், எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றுவதற்கு முன் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். என் பலகையில் பழைய பிரிட்ஜ் பாதத்தின் தடம் பளபளப்பு மாறாமல் தெளிவாகவே இருக்கிறது. பிரிட்ஜ் நின்றதோ அதற்கு 4 மில்லிமீட்டர் முன்னால், கழுத்துப் பக்கமாக. 12-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டால் ஆறு தந்திகளிலும் அழுத்திய சுரம் ஏறி ஒலித்தது. இதையெல்லாம் சரிசெய்வதற்கான 'செட்டப்' என்று தனியாகக் கட்டணம் வாங்கியிருந்தார்கள்.

ரசீதோடு சென்று கேட்டபோது, முதலில் இரண்டும் ஒரே பொருள்தான் என்றார்கள். பிறகு பி6 கையிருப்பில் இல்லாததால் மாற்றிப் போட்டோம் என்றார்கள். இல்லை என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை மாதமானாலும் காத்திருந்திருப்பேன். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

கிட்டார் இப்போது வேறொரு கைவினைஞரிடம் இருக்கிறது. பி7-ஐக் கழற்றி, துளைகளைக் கடினமரக் குச்சிகளால் அடைத்து, எஃப் துளை வழியாகவே பலகையின் அடியில் மெல்லிய மரத்துண்டு ஒட்டியிருக்கிறார். வெடிப்பு மேலும் ஓடாது, தழும்பு மட்டும் போகாது என்கிறார். பழைய ட்ரபீஸையே திரும்பப் பொருத்துவதுதான் இந்தப் பலகைக்கு நல்லது என்று அவர் சொன்னதால் அந்த ட்ரபீஸைக் கேட்டு மீண்டும் முதல் கடைக்குப் போனேன். கழற்றிய பாகங்களை ஒரு வாரத்திற்கு மேல் வைத்திருப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.