என்டர்பிரைஸ் ஏபி வாங்குகிறீர்களா? கொட்டேஷனில் இருப்பது பெட்டியின் திறமை மட்டும்

12 ஆக்சஸ் பாயிண்ட் (ஏபி, அதாவது வைஃபை சிக்னல் தரும் பெட்டி) போட்ட ஓர் அலுவலகம். கொட்டேஷனில் "4x4 வைஃபை 6, டபிள்யூபிஏ3 என்டர்பிரைஸ், விப்ஸ்" என்று இருந்தது: நான்கு ஆன்டெனா வழியாக அனுப்பிப் பெறும் ரேடியோ, ஆளுக்கொரு லாகின் கேட்கும் பாதுகாப்பு, அந்நிய வைஃபையைக் கண்காணிக்கும் வசதி. வந்த பெட்டிகளும் அதே மாடல்தான், ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஏமாற்றியது பெட்டிக்கு வெளியே.

முதல் கோளாறு மின்சாரத்தில். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் 24 போர்ட் பிஓஇ பிளஸ் சுவிட்ச் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு போர்ட்டும் 30 வாட் தரும், ஆனால் சுவிட்சின் மொத்த பட்ஜெட் 190 வாட். 30 வாட் கணக்கில் 6 ஏபிக்கு மேல் தாங்காது. அதனால் இன்ஸ்டால் செய்தவர்கள் எல்லாப் போர்ட்டுக்கும் 15.4 வாட் வரம்பு போட்டுவிட்டார்கள். 12 x 15.4 = 184.8, கணக்கு சரியாகிவிட்டது! ஆனால் கேபிளில் வீணாவது போக ஏபியைச் சென்றடைவது 12.95 வாட்தான். இந்த மின்சாரத்தில் பல 4x4 மாடல்கள் சில ரேடியோ செயின்களை (ஆன்டெனா வழிகளை) அணைத்துவிடும்; மாடலைப் பொறுத்து 2x2, சிலதில் 1x1கூட. யுஎஸ்பி போர்ட்டும் போய்விடும். விளக்கு பச்சையாக எரியும், சிக்னல் பார் முழுதாக இருக்கும், மீட்டிங் அறையில் 30 பேர் உட்கார்ந்ததும் எல்லாம் திணறும். "நெட் ஸ்லோ சார், லைனை அப்கிரேட் பண்ணுங்க" என்று பதில் வரும்.

எல்லா ஏபியையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் ஒவ்வொரு ஏபியின் ஸ்டேட்டஸ் பக்கத்திலும் பவர் மோட் இருக்கும். அதில் 802.3ஏஎஃப் (அந்த 15.4 வாட் தரம்) என்றோ ரெஸ்ட்ரிக்டட் என்றோ இருந்தால், ஸ்பேஷியல் ஸ்ட்ரீம் (ஒரே நேரத்தில் ஓடும் டேட்டா ஓடை) எண்ணிக்கையையும் பாருங்கள். அந்த இரண்டு வரியும் ஸ்கிரீன்ஷாட்டாகக் கைக்கு வரும்வரை பில்லில் கையெழுத்து வேண்டாம்.

அடுத்தது பாதுகாப்பு, இதில்தான் அநியாயம் அதிகம். டபிள்யூபிஏ3 என்டர்பிரைஸுக்கு ஒவ்வொருவரின் லாகினையும் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வேண்டும். கொட்டேஷனில் அது இல்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, டபிள்யூபிஏ2-டபிள்யூபிஏ3 கலப்பு மோட். வேலையை விட்டுப் போனவர் போனிலும் அதே பாஸ்வேர்டு. கேட்ட பிறகு ரேடியஸ் போட்டார்கள். ஆனால் போனில் சர்டிஃபிகேட் கேட்கும் இடத்தில் "சரிபார்க்க வேண்டாம்" என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இப்படிச் செய்தால் பக்கத்து மாடியில் அதே பெயரில் போலி ஏபி வைப்பவனிடம் உங்கள் ஆட்களின் போன் தானாகப் போய் லாகின் விவரத்தின் ஹாஷை (உடைத்தால் பாஸ்வேர்டு தெரிந்துவிடக்கூடிய மறைவடிவத்தை) கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டு 11க்குப் பிந்தைய பல போன்களில் அந்த விருப்பமே இல்லை. அதைக் காரணம் காட்டிப் பழையபடி பொதுப் பாஸ்வேர்டுக்குத் திரும்பச் சொன்னால் மசியாதீர்கள். சர்வர் உண்மையானதா என்று போன் சரிபார்க்க உதவும் சிஏ சர்டிஃபிகேட்டும் சர்வரின் டொமைன் பெயரும் போனில் பதிய வேண்டும். அதைச் செய்து கொடுப்பது அவர்கள் வேலை.

விப்ஸை அவர்கள் "அந்நிய வைஃபையை அடித்து நிறுத்தும்" என்று பெருமையாக விற்றார்கள். போலி டீஆத் பாக்கெட் அனுப்பி அடுத்தவர் இணைப்பை அறுப்பதுதான் அது. அமெரிக்காவில் விருந்தினர்களின் ஹாட்ஸ்பாட்டை இப்படித் தடுத்ததற்காக 2014ல் மாரியட் 6 லட்சம் டாலர் கட்டியது. டபிள்யூபிஏ3ல் பிஎம்எஃப் (இத்தகைய போலிக் கட்டளைகளைத் தடுக்கும் பாதுகாப்பு) கட்டாயம் என்பதால் அந்தப் பாக்கெட் அங்கே பலிக்கவும் செய்யாது. கண்டுபிடிக்கும் வசதியை வைத்துக்கொள்ளுங்கள், தாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

ரேடியோவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலமும் 1, 6, 11 சேனல்களும் போதும். அங்கே 40 மெகாஹெர்ட்ஸ் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்பீட் டெஸ்ட்டில் எண் பெரிதாகத் தெரியத்தான்.

ஏபி எந்த நாட்டு ரேடியோ விதிப்படி இயங்கும் என்று சொல்லும் கன்ட்ரி கோடைப் பார்க்க மறக்காதீர்கள். இந்தியா என்று மாற்ற விடாமல் அமெரிக்கா என்றே அடம்பிடித்தால் அது அந்நாட்டுக்கென்று விற்ற பெட்டியாக இருக்கலாம். இங்கே வாரண்டி கிடைக்குமா என்று பெட்டியைப் பிரிக்கும் முன் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரிடமே கேளுங்கள்.

ஏபிகளை நிர்வகிக்கும் கிளவுட் கணக்கு இன்ஸ்டாலரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவரோடு சண்டை வந்தால் 12 ஏபியின் சாவியும் அவர் பையில். ஓனர் உரிமை உங்கள் நிறுவன மின்னஞ்சலுக்கு மாறி, நீங்களே ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்த பிறகு மீதிப் பணத்தை அனுப்புங்கள்.