கிளிக்-டு-வாட்ஸ்அப் விளம்பரம்: சின்னக் கடைக்கு எவ்வளவு தேறும்?

இன்ஸ்டாகிராமில் ஒரு சாஃப்ட் சில்க் சேலை விளம்பரம் வருகிறது. கீழே ஒரு வாட்ஸ்அப் பட்டன். அதைத் தொட்டால் வெப்சைட் எதுவும் திறப்பதில்லை, நேரே கடைக்காரரின் வாட்ஸ்அப் திறக்கிறது. அனுப்ப வேண்டிய முதல் வரியும் டைப் ஆகித் தயாராக நிற்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் மெட்டா நிறுவனம் விற்கிற விளம்பர வகைகளில் நம் ஊர்ச் சிறு வியாபாரத்துக்கு இன்று மிக நன்றாகப் பொருந்துவது இதுதான். வெப்சைட், பேமென்ட் கேட்வே, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என எதுவும் வேண்டாம். ஆனால் காசு சத்தமில்லாமல் கரைவதும் இதில்தான். மெட்டா நமக்குக் கொண்டுவந்து தருவது பொருளைப் பற்றிக் கேட்டு வரும் விசாரணை. அதை வியாபாரமாக்குவது முழுக்க நம் கையில். இது புரியாமல் பணம் போட்டவர்கள்தான் "ஃபேஸ்புக் விளம்பரமே வேஸ்ட்" என்று ஒதுங்கிப் போகிறார்கள்.

போஸ்ட்டின் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் விளம்பரம் ஓடும். அவசரத்துக்கு அது போதும். ஆனால் வரவேற்புச் செய்தி, வாடிக்கையாளர் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், எப்படிப்பட்ட ஆளைத் தேட வேண்டும் என்ற தேர்வு, இவையெல்லாம் முழுதாகக் கிடைப்பது மெட்டாவின் விளம்பர நிர்வாகப் பக்கமான ஆட்ஸ் மேனேஜரில். முதலில் ஃபேஸ்புக் பேஜோடு கடையின் வாட்ஸ்அப் பிசினஸ் எண்ணை இணைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேம்பெயினின் நோக்கமாக என்கேஜ்மென்ட் அல்லது சேல்ஸ், போய்ச் சேரும் இடமாக வாட்ஸ்அப் என்று தேர்ந்தெடுங்கள். பணம் கட்டும்போது ஒரு விஷயம் கவனத்தில் இருக்கட்டும்: யுபிஐ வழியாக முன்பணமாக 1,000 ரூபாய் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி போக விளம்பரத்துக்குக் கிடைப்பது சுமார் 847 ரூபாய்தான். கடைக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் அதைப் பில்லிங் பகுதியில் ஏற்றிவிடுங்கள். வரியை இன்புட் கிரெடிட்டாக, அதாவது கடை கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். பலர் இதைச் செய்யாமல் மாதாமாதம் அந்தத் தொகையை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து அந்த முதல் வரி. எதையும் மாற்றாமல் விட்டால் "ஹலோ! கேன் ஐ கெட் மோர் இன்ஃபோ ஆன் திஸ்?" என்று வரும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இந்த வரி மனப்பாடம். இதை அனுப்புகிறவர்களில் பலருக்கு, தாங்கள் அனுப்பியதே நினைவிருக்காது. விரல் பட்டது, வாட்ஸ்அப் திறந்தது, பச்சை அம்பை அழுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். நாம் விலை, கலர், போட்டோ என்று அனுப்பிக்கொண்டே இருப்போம். அங்கே நீல டிக் விழும், பதில் வராது. அந்த வரியை "இந்த 1,450 ரூபாய் சேலை வேண்டும். என் ஊர்:" என்று மாற்றிப் பாருங்கள். ஊரைத் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால் சும்மா தொட்டவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். வருகிற எண்ணிக்கை குறையும். வருகிறவர்கள் கேட்க வந்தவர்களாக இருப்பார்கள். விலையைப் படத்திலேயே பெரிதாகப் போடுவதும் இதே வேலையைச் செய்யும். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்பது இந்த விளம்பர வகைக்குக் கொஞ்சமும் ஒத்துவராத பழக்கம். விலையைத் தெரிந்துகொள்ள மட்டுமே வருகிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

இதை ஒரு கணக்கில் பார்ப்போம். தினம் 500 ரூபாய் வீதம் ஒரு வாரத்துக்கு 3,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. விலை போடாத விளம்பரத்துக்கு 140 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விசாரணை 25 ரூபாய். விலை போட்டதற்கு 70 பேர். ஒரு விசாரணை 50 ரூபாய். ஆட்ஸ் மேனேஜரைத் திறந்தால் முதல் விளம்பரம்தான் ஜெயித்ததாகத் தெரியும், அதற்கே பணத்தைக் கூட்டத் தோன்றும். ஆனால் முதலாவதில் 4 சேலை விற்று இரண்டாவதில் 7 சேலை விற்றிருந்தால், ஒரு விற்பனைக்கான விளம்பரச் செலவு முறையே 875 ரூபாய், 500 ரூபாய். ஒரு சேலையில் 600 ரூபாய் நிற்கும் கடைக்கு முதலாவது நஷ்டம், இரண்டாவது லாபம். திரையில் தெரிகிற "மெசேஜிங் கான்வர்சேஷன்ஸ் ஸ்டார்ட்டட்" (தொடங்கிய பேச்சுகள்) என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். ஏழு நாளாவது உங்களோடு பேச்சில்லாமல் இருந்த ஒருவர் விளம்பரம் வழியாக வந்து செய்தி அனுப்பினால் அந்த எண்ணில் ஒன்று கூடும். வாங்கினாரா என்பது அதற்குத் தெரியாது.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. "பேச்சுகளை அதிகமாக்கு" என்று இலக்கு வைத்தால், மெட்டாவின் இயந்திரம் எளிதில் செய்தி அனுப்புகிற சுபாவம் உள்ளவர்களைத் தேடித் தேடிக் கொண்டுவரும். நாம் கேட்டதைத்தான் அது செய்கிறது. வாங்குகிறவர் யார் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தால்தான் தேடல் திருந்தும். ஏபிஐ (போன் ஆப்புக்கு வெளியே வேறொரு மென்பொருளோடு வாட்ஸ்அப்பை இணைக்கும் முறை) வழியாக வாட்ஸ்அப் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு நல்ல வழி இருக்கிறது. விளம்பரத்திலிருந்து வரும் முதல் செய்தியோடு ஒரு கிளிக் அடையாள எண் சேர்ந்து வரும். பணம் வந்ததும் அந்த எண்ணோடு "பர்ச்சேஸ்" என்ற தகவலை, விற்பனை விவரத்தை மெட்டாவுக்குச் சொல்லும் கன்வர்ஷன்ஸ் ஏபிஐ மூலம் திருப்பி அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் பல சிஆர்எம் சேவைகளில் இது இப்போது ஒரு பட்டன்தான். அப்படி ஒரு சேவையை வாங்குவதற்கு முன் இந்த வசதி இருக்கிறதா என்று முதல் கேள்வியாகவே கேளுங்கள். வெறும் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் வைத்திருப்பவர்கள் சாட்டுகளுக்கு லேபிள்களை ஒழுங்காகப் போட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நியூ ஆர்டர், பெண்டிங் பேமென்ட், பெய்டு எல்லாம் ஆப்பிலேயே தயாராக இருக்கின்றன. எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்பது சாட்டின் தொடக்கத்திலேயே சின்னப் படத்தோடு தெரியும். வாரக் கடைசியில் ஒரு நோட்டில் விளம்பரவாரியாக "பெய்டு" லேபிளை எண்ணி எழுதினால், மெட்டாவின் ரிப்போர்ட் சொல்லாத கணக்கு கையில் இருக்கும்.

யாருக்குக் காட்டுவது என்பதில் நம் கட்டுப்பாடு வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. விருப்பம், பழக்கம் பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டீடெய்ல்டு டார்கெட்டிங்கில் ஒரு கூட்டத்தை விலக்கும் வசதியை 2025 தொடக்கத்தோடு எடுத்துவிட்டார்கள். மெட்டாவே ஆட்களைத் தேடும் அட்வான்டேஜ் பிளஸ் ஆடியன்ஸில் நாம் குறிக்கும் விருப்பங்கள் வெறும் யோசனைகள். இயந்திரம் அவற்றைத் தாண்டிப் போகும். ஊர், குறைந்தபட்ச வயது போன்ற சிலவே உறுதியான எல்லைகள். ஊர் என்பதிலும் அங்கே வசிப்பவர்களோடு அண்மையில் வந்து போனவர்களும் சேர்த்தி. இதை எண்ணி மலைக்க வேண்டியதில்லை. ஆட்களைச் சலிக்கும் வேலை செட்டிங்கிலிருந்து படத்துக்கும் வாசகத்துக்கும் மாறியிருக்கிறது. "மொத்த விலைக்கு மட்டும், குறைந்தது 10 பீஸ்" என்று படத்தில் எழுதியிருப்பது எந்த டார்கெட்டிங்கையும் விடத் தெளிவாகச் சலித்துத் தரும்.

தினச் செலவான 500 ரூபாயை ஐந்து ஆட் செட்டாக (ஒரே கேம்பெயினுக்குள் தனித்தனி விளம்பரத் தொகுப்புகளாக) பிரிப்பது இன்னொரு பொதுவான தவறு. யாருக்குக் காட்டலாம் என்று இயந்திரம் படிக்கும் லேர்னிங் கட்டம் முடிய, ஓர் ஆட் செட்டுக்கு வாரத்தில் ஏறக்குறைய 50 ரிசல்ட் (இங்கே விசாரணை) வேண்டும். மேலே போட்ட கணக்கில் முழுப் பணமும் ஒரே ஆட் செட்டில் இருந்தால்தான் அது எட்டும். ஐந்தாகப் பிரித்தால் ஒன்றுமே படித்து முடிக்காது. தினமும் காலையில் பட்ஜெட்டையும் வயதையும் மாற்றிக்கொண்டிருந்தாலும் படிப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு வாரம் கை வைக்காமல் விடுங்கள்.

இனி, வாட்ஸ்அப் செய்திக் கட்டணத்தில் 2025 ஜூலை 1 முதல் வந்த மாற்றம். இது ஏபிஐ பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும். பிசினஸ் ஆப்பில் சாதாரணமாகச் செய்தி அனுப்பக் கட்டணம் இல்லை. முன்பு 24 மணி நேரப் பேச்சு ஒன்றுக்கு இவ்வளவு என்று இருந்தது. இப்போது போய்ச் சேர்ந்த ஒவ்வொரு டெம்ப்ளேட் (முன்கூட்டியே எழுதி மெட்டாவிடம் அனுமதி வாங்கிய) செய்திக்கும் தனிக் கட்டணம். இந்தியாவில் 2025இல் மார்க்கெட்டிங் செய்தி ஒன்று 80 காசைச் சுற்றி, ஆர்டர் விவரம் போன்ற யுடிலிட்டி செய்தி 12 காசு அளவில் இருந்தது; இதன்மேல் சேவை நிறுவனத்தின் பங்கும் வரியும். வாடிக்கையாளர் கடைசியாகப் பேசிய 24 மணி நேரத்துக்குள் நாம் டைப் செய்து அனுப்பும் பதில்கள் இலவசம். அந்த நேரத்துக்குள் போகும் யுடிலிட்டி டெம்ப்ளேட்டும் இலவசம். மார்க்கெட்டிங் டெம்ப்ளேட்டுக்கு அப்போதும் காசு.

விளம்பரம் வழியாக வந்தவருக்கு இதைவிடப் பெரிய சலுகை இருக்கிறது, ஆனால் பலர் பயன்படுத்துவதே இல்லை. அவர் மொபைலிலிருந்து செய்தி அனுப்பி, நீங்கள் 24 மணி நேரத்துக்குள் பதில் போட்டால், 72 மணி நேரத்துக்கு மார்க்கெட்டிங் உட்பட எல்லா வகைச் செய்தியும் இலவசம். வெள்ளிக்கிழமை இரவு ஒருவர் கேட்கிறார், சனிக்கிழமை காலை பதில் போடுகிறீர்கள், அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை "நீங்கள் கேட்ட மயில் கழுத்து கலரில் இரண்டு பீஸ் இருக்கிறது, எடுத்து வைக்கவா?" என்று ஒரு டெம்ப்ளேட் போகலாம், செலவில்லாமல். அவர் பேசி 24 மணி நேரம் கடந்திருந்தால் டைப் செய்து அனுப்ப முடியாது, டெம்ப்ளேட்டாகத்தான் போக வேண்டும். அதனால் இப்படி ஒன்றை முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கி வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல ஆளில்லை என்றால் அன்றைக்கு விளம்பரமும் ஓட வேண்டாம். லைஃப்டைம் பட்ஜெட் வைத்தால் கிழமையும் நேரமும் குறித்து ஓட்டலாம். சூட்டோடு சூடாக வந்தவருக்கு மறுநாள் மதியம் பதில் போனால், அதற்குள் அவர் இன்னும் மூன்று கடைகளோடு பேசியிருப்பார்.

டெம்ப்ளேட் எழுதும்போது கை நழுவுகிற இடம் ஒன்று. "உங்கள் ஆர்டர் இன்று அனுப்பப்பட்டது, டிராக்கிங் எண் இது" என்பது யுடிலிட்டி. அதன் கடைசியில் "அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி" என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் அது மார்க்கெட்டிங். மெட்டா தானாகவே வகையை மாற்றிவிடும். பில் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். தள்ளுபடியைத் தனிச் செய்தியாக வைத்துக்கொள்வது நல்லது.

பழைய வாடிக்கையாளர் பட்டியலுக்கு மொத்தமாக மார்க்கெட்டிங் செய்தி அனுப்பும் கருவியாக இந்த ஏபிஐ சேவையை வாங்குவதாக இருந்தால், வாங்காதீர்கள் என்றே சொல்வேன். அந்த 2025 கட்டணத்திலேயே 2,000 பேருக்கு அனுப்பினால் கட்டணம் மட்டும் 1,600 ரூபாய்ப் பக்கம். அதிலும் எல்லோருக்கும் போய்ச் சேராது. ஒருவருக்கு எல்லா நிறுவனங்களும் சேர்ந்து எத்தனை மார்க்கெட்டிங் செய்தி அனுப்பலாம் என்பதற்கு வாட்ஸ்அப் தானே ஓர் அளவு வைத்திருக்கிறது. அளவு தாண்டினால் 131049 என்ற பிழை எண் வரும். சேராத செய்திக்குக் காசு இல்லை என்பது ஓர் ஆறுதல், ஆனால் உடனே திரும்ப அனுப்பிப் பார்ப்பதால் பயனில்லை. ஆட்கள் பிளாக் செய்யச் செய்ய எண்ணின் தரக்குறி பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பாகும். மோசமான டெம்ப்ளேட்டை முதல் தடவை 3 மணி நேரம், இரண்டாம் தடவை 6 மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். மூன்றாம் தடவை முடக்கிவிடுவார்கள். விலைக்கு வாங்கிய நம்பர் பட்டியலை இதில் ஏற்றினால் இந்தப் பாதையில் நேரே கடைசிக்குப் போய்விடலாம். சம்மதம் கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். 2025 நவம்பரில் தனிநபர் டேட்டா பாதுகாப்பு விதிகளும் அறிவிக்கப்பட்டுவிட்டன. சம்மதத்தை எழுத்தில் வைத்திருப்பது இனி வெறும் நல்ல பழக்கம் மட்டுமல்ல.

ஆப்பா, ஏபிஐயா, யாருக்கு எது? ஒருவரே உட்கார்ந்து பதில் சொல்லிச் சமாளிக்கிற அளவுக்கு விசாரணை வந்தால் பிசினஸ் ஆப் தாராளம். ஒரு போனோடு நான்கு சாதனங்களை இணைத்துக்கொள்ளலாம், பொருள்களைப் படத்தோடு அடுக்கி வைக்கும் கேட்டலாகும் உண்டு. மூன்று நான்கு பேர் பதில் சொல்லி, யாருக்கு யார் பேசினார் என்ற குழப்பம் வரத் தொடங்கும்போது ஏபிஐக்குப் போகலாம். முன்பு அதற்காக ஆப்பை விட்டுவிட வேண்டியிருந்தது. இப்போது ஒரே எண்ணை ஆப்பிலும் ஏபிஐயிலும் சேர்த்து வைத்துக்கொள்ள முடிகிறது. ஆப்பிலிருந்து அனுப்புவது இலவசம், ஏபிஐ வழியாகப் போவதற்குத்தான் கட்டணம். இரண்டு வாரம் முடிவதற்குள் ஒருமுறையாவது போனில் ஆப்பைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு அறுந்துவிடும்.

ஏஜென்சியிடம் வேலையைக் கொடுக்கிறவர்கள் கையெழுத்துக்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். பேஜ், விளம்பரக் கணக்கு, வாட்ஸ்அப் எண் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் பிசினஸ் போர்ட்ஃபோலியோ உங்கள் பெயரில் உங்கள் ஈமெயிலில் தொடங்கப்பட வேண்டும், ஏஜென்சி அதில் பார்ட்னராகச் சேர வேண்டும். தலைகீழாக நடந்தால், விலகும் நாளில் விளம்பரக் கணக்கும், டெம்ப்ளேட்டுகளும், யார் வாங்கினார்கள் என்று இயந்திரம் கற்றுக்கொண்ட டேட்டாவும் அவர்கள் பக்கமே தங்கிவிடும். எண்ணை வேறு சேவைக்கு மாற்ற வேண்டுமானால் பழைய இடத்தில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை அணைத்தாக வேண்டும். அந்த ஆறு இலக்க பின் எண்ணை முதல் நாளே கேட்டு வாங்கி, கடையின் கணக்கு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.