மோட்டோகுரொஸ் ஹெல்மெட்: யாழ்ப்பாணத்து வெக்கையில் சில வருடப் பாவனைக்குப் பிறகு

மோட்டோகுரொஸ் ஹெல்மெட், அதாவது மண் பாதையில் பைக் ஓட்டுபவர்கள் போடும், முன்னுக்குக் கூரையும் நீண்ட தாடையும் உள்ள வகை, வாங்கப் போகிறவர்கள் அதன் வெளி ஓட்டைப் பார்க்க முதல் உள் மெத்தையைப் பாருங்கள். சில வருடம் பாவித்த பிறகு என் அபிப்பிராயம் இதுதான். ஓடு இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது, உள்ளுக்குள்தான் எல்லாம் மாறிவிட்டது.

என்னுடையது பொலிகார்பனேட் ஓடு. உள்ளே இபிஎஸ் நுரை, அதாவது டிவி பெட்டிக்குள் வரும் ரெஜிபோமின் அடர்த்தி கூடிய வகை. அதற்கும் மெத்தைக்கும் நடுவே மிப்ஸ் எனப்படும் மஞ்சள் படலம். நிறை 1.4 கிலோ அளவில் வரும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இதே அமைப்பு பல பெயர்களில் கிடைக்கிறது. கிழமை நாட்களில் வேலைக்குப் போக, ஞாயிறுகளில் மணற்காடு, மருதங்கேணிப் பக்கம் பழைய ட்ரெயில் பைக்கில் சுற்ற, இரண்டுக்கும் இந்த ஒன்றுதான்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புருவத்துக்கு மேலே இரண்டரை சென்ரிமீற்றர் விட்டு, தலையைச் சுற்றித் தையல் நாடாவால் அளந்துகொண்டு கடைக்குப் போனேன். அளவுக்குச் சரியானதைப் போட்டதும் கன்னம் இரண்டும் வாய்க்குள் தள்ளுப்பட்டன. கடைக்கார அண்ணை, "ஏன் தம்பி கஷ்டப்படுறியள், ஒரு சைஸ் பெரிசா எடுங்கோ, வெக்கைக்கு நல்லம்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் கேட்கக் கூடாத ஆலோசனை. மெத்தை நாளடைவில் அமுங்கும், அதுவும் நம்மூர் வியர்வையில் இன்னும் வேகமாக. முதல் நாளே வசதியாக இருந்தால், அடுத்த வருடம் தலைக்குள் சுழலும். கன்னம் இறுகுவது பரவாயில்லை. நெற்றியில் ஒரே இடத்தில் குத்தி வலித்தால்தான் பிழை, அது உங்கள் தலையின் வடிவத்துக்கு ஒத்துவராத ஹெல்மெட். கடையிலேயே கால் மணித்தியாலம் போட்டுக்கொண்டு கதைத்துக்கொண்டிருங்கள், தெரிந்துவிடும். பிறகு நாடாவை இறுக்கிவிட்டு, பின்பக்க அடியைப் பிடித்து முன்னுக்கு உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

முத்திரை விஷயம். பின்பக்கம் ஒட்டியிருக்கும் டொட் ஸ்டிக்கரை நான் பெரிதாக எடுப்பதில்லை. அது அமெரிக்கத் தரம். தயாரிப்பாளர் தானே பரிசோதித்துத் தானே ஒட்டிக்கொள்வது, போலியாக அடிப்பதும் சுகம். போதாததற்கு அந்தத் தரத்தில் தாடைப் பகுதிக்குச் சோதனையே இல்லை. மோட்டோகுரொஸ் ஹெல்மெட்டில் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருப்பதே தாடைதானே! நாடாவில் தைத்திருக்கும் வெள்ளைத் துணியைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும், அதோடு 05 அல்லது 06 என்று தொடங்கும் இலக்கமும் இருந்தால் அது ஐரோப்பியத் தரம். இலக்கத்தோடு P என்று இருந்தால் தாடையும் சோதிக்கப்பட்டது. 06 என்பது 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 22.06 தரம். சாய்வாக மோதும்போது தலை எவ்வளவு சுழல்கிறது என்பதையும் அதில்தான் சேர்த்துப் பார்க்கிறார்கள். என்னுடையது 05. இன்று வாங்குவதென்றால் 06 இல்லாததைத் தொடமாட்டேன். மிப்ஸ் படலமும் அந்தச் சுழற்சிக்காகத்தான், மோதும் கணத்தில் ஓட்டிலிருந்து தனியாகத் தலை 10, 15 மில்லிமீற்றர் வழுக விடும். கழுவும்போது அதைப் பிய்த்துவிடாமல் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இனி வெளிப்பக்கம். முன்னுக்கு நிற்கும் அந்தக் கூரை, நம்மூர் வெயிலுக்கு அருமை. பின்னேரம் மேற்கே காரைநகர் ரோட்டில் போகும்போது தலையைக் கொஞ்சம் குனிந்தால் போதும், சூரியன் மறைந்துவிடும். அதே கூரை சோளகம் அடிக்கும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் எதிரியாகிவிடும். பக்கவாட்டில் வரும் காற்று அதைப் பிடித்துக் கழுத்தைத் திருப்பப் பார்க்கும். வல்லைவெளியிலும் அப்படித்தான். ஏ9 இல் ஆனையிறவு தாண்டிப் போவதென்றால் நான் கூரையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவேன், கழுத்து வலி பாதியாகக் குறைகிறது.

மணற்காட்டில் ஒருமுறை மெதுவாகச் சரிந்தபோது கூரையின் பிளாஸ்டிக் ஸ்குரூக்கள் உடைந்தன. கராஜில் இரும்பு ஸ்குரூ போட்டுத் தருகிறேன் என்றார்கள். மறுத்துவிட்டேன். அவை உடைய வேண்டும் என்றே பிளாஸ்டிக்கில் வருகின்றன. கூரை நிலத்தில் கொளுவி இறுகி நின்றால் திரும்புவது கழுத்து. அன்று தலை எங்கும் அடிபடாததால் ஹெல்மெட்டைத் தொடர்ந்து பாவிக்கிறேன். தலை மோதியிருந்தால் வெளியில் கீறலே இல்லாவிட்டாலும் குப்பைக்குத்தான். அந்த நுரை ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது.

கண்ணாடி மூடி இல்லாததால் கொகிள்ஸ் தனிச் செலவு. அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வலிகாமத்துச் செம்மண் புழுதி பரவாயில்லை, வடமராட்சி கிழக்கின் மணல் கண்ணில் விழுந்தால் பைக்கை நிறுத்தத்தான் வேண்டும். இருட்டிய பிறகு வரும் பூச்சிகளுக்கு நிறமில்லாத வில்லை ஒன்றும் வேண்டும். மழையில் மட்டும் இந்த வகை படு மோசம், மார்கழியில் முகமெல்லாம் தண்ணீர். அந்த மாதங்களில் சாதாரண முழுமுக ஹெல்மெட்டுக்கு மாறிவிடுகிறேன். மனைவிக்கும் இதே வகை ஒன்று வாங்கிப் பார்த்தோம். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவரின் கூரை என் பின்மண்டையில் இடித்தது. இரண்டு பேருக்கும் பொறுமை போய், இப்போது அவர் முழுமுகம்தான் போடுகிறார்.

காற்றோட்டம் இந்த வகையின் பெரிய வரம். சித்திரை வெயிலில் யாழ்ப்பாண நகரத்துக்குள் சிக்னலில் நிற்கும்போதும் மூச்சு முட்டாது. ஆனால் வியர்வை முழுவதையும் குடிப்பது மெத்தை. குழந்தைகளின் ஷாம்பு கலந்த தண்ணீரில் கையால் பிழிந்து, நிழலில் காயப்போடுகிறேன். வெயிலில் போட்டால் துணி முறுகிவிடும். ஓட்டை ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. பெற்றோல், தின்னர் பட்டால் பொலிகார்பனேட் பலவீனமாகும்.

கன்ன மெத்தைகள்தான் முதலில் போயின. இரண்டாவது வருடத்திலேயே தலையை ஆட்டினால் ஹெல்மெட் பின்தங்கி வரத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மாற்று மெத்தை கிடைக்கவில்லை. கொழும்பில் சொல்லிவைத்து, வந்துசேரக் கனகாலம் எடுத்தது, விலையும் குறைவில்லை. ஆனால் போட்டதும் வாங்கிய நாளின் பிடி திரும்ப வந்தது. நான் எடுத்தது ஒரு அளவு தடித்த மெத்தை. சில நிறுவனங்கள் ஒரே ஓட்டுக்கு இரண்டு மூன்று தடிப்பில் விற்கின்றன.

பல தயாரிப்பாளர்கள் 5 வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள். என்னுடையதன் தயாரிப்புத் திகதி கன்ன மெத்தைக்குக் கீழே ஒட்டியிருக்கிறது, அந்தக் கெடு கிட்டத்தான் நிற்கிறது. அடுத்ததை வாங்கப் போகும்போது விலை கேட்பதற்கு முதல், கன்ன மெத்தை தனியாகக் கிடைக்குமா, எந்தெந்தத் தடிப்பில் என்று கேட்பேன். இல்லை என்றால் அடுத்த கடை.