இன்சுலின் ஊசியை மறுபடியும் பயன்படுத்தலாமா? நெடுநாள் பயன்பாட்டிலிருந்து

இன்சுலின் தொடங்கிய புதிதில், ஒரு பேனா ஊசியை, அதாவது பேனா வடிவ இன்சுலின் கருவியின் முனையில் மாட்டும் ஊசியை, நாலைந்து முறை வரை பயன்படுத்திக்கொள்ளலாம் என்றே எனக்குச் சொல்லித்தரப்பட்டது. பின்னர் வந்த மருத்துவர் ஒரு முறைக்கு ஓர் ஊசி என்று மாற்றினார். இரண்டு வழக்கங்களிலும் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டதால் ஒன்றைச் சொல்ல முடியும். பலரும் அஞ்சுவது கிருமித்தொற்றுக்கு. ஆனால் அன்றாடம் நம்மைப் பாடாய்ப்படுத்துபவை, அளவு தவறிப்போவதும் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாவதும்தான்.

இன்சுலின் மருந்தில் மெட்டாகிரெசால், ஃபீனால் போன்ற பாதுகாப்புப் பொருள்கள் கலந்திருப்பதால் அதில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. ஆகவே, தம் ஊசியைத் தாமே மறுபடி போட்டுக்கொள்பவர்களுக்குப் பெரிய தொற்று வருவது அரிது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் சொல்வது உண்மைதான். ஆனால் தொற்று வராததைக் கொண்டே அந்த வழக்கம் பாதுகாப்பானது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

ஊசியின் நிலையைப் பாருங்கள். நான் பயன்படுத்துவது 4 மில்லிமீட்டர் நீளமுள்ள, மயிரிழை போன்ற ஊசி. வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காக அதன்மேல் மெல்லிய சிலிக்கோன் பூச்சு இருக்கும். முதல் முறை போடும்போது குத்தியதே தெரியாது. மூன்றாவது, நான்காவது முறைக்குள் தோல் சற்றே உள்வாங்கி, பிறகு சுருக்கென்று ஊசி இறங்கும். எடுத்ததும் சில நேரம் ஒரு சொட்டு இரத்தம் எட்டிப்பார்க்கும். சுத்தம் செய்வதாக எண்ணி ஸ்பிரிட்டால் துடைத்தால் அந்தப் பூச்சும் போய்விடும். இன்சுலின் புழக்கத்துக்கு வந்த 1920களில் கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைத்து, முனையைக் கல்லில் தீட்டி மறுபடி பயன்படுத்தினார்கள் என்பது மெய்யே. அந்த ஊசிகள் அப்படிப் பயன்படுத்தவே செய்யப்பட்டவை. இன்றைய பேனா ஊசிகள் ஒரு முறைக்கென்றே செய்யப்படுபவை.

மறுபடி பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஊசியைப் பேனாவிலேயே மாட்டி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். சூடு ஏறினால் இன்சுலின் விரிந்து ஊசி வழியே கசியும். குளிர்ந்தால் சுருங்கி, காற்றை உள்ளே இழுக்கும். கலக்கிப் போடும் வெண்ணிற இன்சுலினாக இருந்தால், கசிந்ததுபோக மிஞ்சியிருப்பதன் அடர்த்தியே மாறிவிடக்கூடும். போதாக்குறைக்கு, ஊசித் துளைக்குள் இன்சுலின் உலர்ந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. ஒருமுறை வழக்கம்போல் 2 யூனிட் வைத்து அழுத்திச் சோதித்தேன். பொத்தான் கடினமாக இருந்தது, முனையில் துளியே வரவில்லை. அந்தச் சோதனையைச் செய்யாமல் போட்டுக்கொண்டிருந்தால் முழு அளவும் உள்ளே போனதாகவே நினைத்திருப்பேன். பிறகு ஏறிப்போன சர்க்கரைக்குச் சாப்பாட்டைக் குறை சொல்லி, அடுத்த வேளை அளவைக் கூட்டவும் தோன்றியிருக்கும். அதனால் புது ஊசியானாலும் 2 யூனிட் வெளியேற்றித் துளியைப் பார்த்த பிறகே போடுகிறேன். பொத்தானை முழுவதும் அழுத்தியபின் பத்து வரை எண்ணியே ஊசியை எடுக்கிறேன்.

கட்டிகள் கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்கே எளிதில் தட்டுப்படும். தொப்புளுக்கு இடப்புறம் எனக்கிருந்த தடிப்பை, செவிலியர் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுவதே இதற்கு முக்கியக் காரணம். ஊசியை மறுபடி பயன்படுத்துகிறவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்றாலும், அதன் தனிப்பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தடித்த இடத்தில் வலி குறைவாக இருப்பதால் கை தானாக அங்கேயே போகும். ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒரு நாள் மெதுவாகவும் ஒரு நாள் வேகமாகவும் இரத்தத்தில் சேரும். அந்த இடத்தை விட்டு நல்ல தோலுக்கு மாறும்போது அதே அளவைப் போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடலாம். மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொண்டு, அந்த நாள்களில் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். இப்போது வயிறு, தொடை என மாற்றி மாற்றி, முந்தைய இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளியே போடுகிறேன்.

ஒவ்வொரு வேளைக்கும் புது ஊசி வாங்க எல்லோராலும் முடியாது என்பதை நான் அறிவேன். புது ஊசி இல்லை என்பதற்காக இன்சுலினையே நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. அப்படிப்பட்ட நிலையில், தம்முடைய ஊசியை மட்டும், முனை வேறெதிலும் படாமல் வைத்திருந்து பயன்படுத்தி, வலித்தாலோ வளைந்தாலோ உடனே எறிந்துவிடலாம். எத்தனை முறை என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடவும் வேண்டும்.

ஒருவருடைய பேனாவை இன்னொருவர் பயன்படுத்துவதற்கு மட்டும், புது ஊசி மாட்டினாலும் இடமே இல்லை. போடும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம், பேனாவுக்குள் இன்சுலின் இருக்கும் குழாயான கார்ட்ரிட்ஜுக்குள் ஏறிவிடக்கூடும். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை அந்த வழியாகப் பரவலாம். கணவன் மனைவி இருவரும் ஒரே இன்சுலின் போடும் வீடுகளிலும் பேனாக்களில் பெயர் எழுதி, தனித்தனியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.