மண்டிக் கணக்குக்கு அக்சஸ்: தொட்ட வரி தொட்டபடி நிற்குமா?

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கும் நான்தான், கம்ப்யூட்டரும் நான்தான். மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான அக்சஸில் நானே எழுதிய வரவு ஃபார்ம் இரண்டு சீசன் ஓடிவிட்டது. கோவையில் ஐடி கம்பெனியில் இருக்கும் அக்கா பையன், "1992இல வந்ததுங்க மாமா அது. இன்னுமா அதையே கட்டீட்டு அழறீங்க?" என்கிறான். அவனுக்கென்ன, மண்டியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

இதற்கு முன்பு வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர் இருந்தது. பட்டியலில் ஒரு வரியைத் தொட்டால் நீலமாகும். எடைப் பெட்டியில் கர்சரை வைத்ததும் நீலம் போய்விடும். எங்கள் பக்கம் பழனிசாமி என்ற பெயருக்கா பஞ்சம்? ஒருநாள் பட்டியலில் மூன்று பழனிசாமி. சிவகிரிக்காரரின் விரலி மஞ்சளை நசியனூர்க்காரர் வரியில் ஏற்றிவிட்டேன். சீட்டைக் கையில் வாங்கிய சிவகிரிக்காரர், "ஏனுங் தம்பி, நம்ம மூட்டை பதினெட்டுங்களே, இதுல பதினொண்ணுன்னு போட்டிருக்குது?" என்றார். முதலாளி முன்னால் வைத்துக் கேட்டார் என்பதுதான் கஷ்டம்.

விண்டோஸில் பட்டியல் காட்டும் லிஸ்ட்வியூவில் ஹைட்செலக்‌ஷன் என்று ஒரு அமைப்பு உண்டு. சும்மா விட்டால் அது ட்ரூ. கர்சர் வேறு பெட்டிக்குப் போனதும் நிறத்தை மறைத்துவிடும். ஃபால்ஸ் ஆக்கினால் தீர்ந்தது. எழுதிக் கொடுத்தவர் ஃபோனை எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

அக்சஸின் லிஸ்ட் பாக்ஸில் இந்தத் தொல்லையே இல்லை. எங்கே போனாலும் தேர்ந்தெடுத்த வரி அப்படியே நிற்கும். ஆனால் கிலோவை வலப்பக்கம் ஒட்டி அடுக்க அதில் வசதி கிடையாது. 98க்குக் கீழே 1,240 இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் கணக்கு எழுதுகிறவனுக்குக் கண் வலிக்கும். அதனால் பதிவுகளை வரி வரியாக அடுக்கிக் காட்டும் கன்டினுயஸ் ஃபார்முக்கு மாறினேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு வரிக்குப் போனதும் நடக்கும் ஆன் கரண்ட் நிகழ்வில் எடைப் பெட்டியின் பின்னணி நிறத்தை மாற்றினால், திரை முழுக்க மஞ்சள் காயப்போட்ட களம் மாதிரி ஆகிவிட்டது. பார்வைக்கு நாற்பது வரி. உள்ளே இருப்பது ஒரே பெட்டி, அதைத்தான் நாற்பது தடவை வரைகிறது. ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறாமல் என்ன செய்யும்?

அப்புறம் பிடிபட்ட வழி இது. ஃபார்மின் தலைப்பகுதியில் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ். ஆன் கரண்டில் அந்த வரியின் லாட் எண்ணை, அதாவது அந்தச் சரக்குக்குக் கொடுத்த எண்ணை, அதில் போட்டுவிட வேண்டும். அக்சஸுக்குள் நிரல் எழுதும் விபிஏவில் ஒரே வரிதான். வரிக்குப் பின்னால் அகலமாக இன்னொரு டெக்ஸ்ட் பாக்ஸ். முன்னால் இருக்கும் பெட்டிகளின் பின்னணியெல்லாம் டிரான்ஸ்பரன்ட். பின்பெட்டிக்குக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்: லாட் எண்ணும் மறைந்த பெட்டியில் இருப்பதும் ஒன்றானால் நிறம் பூசு. பின்பெட்டியை எனேபிள்டு நோ, லாக்டு யெஸ் என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் யாராவது அதைத் தொட்டதும் முன்னால் வந்து எல்லாவற்றையும் மறைக்கும், நான் பட்டது. செக் பாக்ஸுக்குக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் கிடையாது என்ற குறையும் இதில் அடிபட்டுப் போகிறது, 'பட்டுவாடா ஆச்சு' டிக் நிறத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது.

இன்னும் ஒரு குழி. பக்கத்து மேஜையில் புது லாட் ஏற்றினால் அதைக் காட்ட பட்டியலை மறுபடி முழுக்க எடுக்கும் ரீகொரி அடிக்க வேண்டும், இருக்கும் வரிகளை மட்டும் புதுப்பிக்கும் ரிஃப்ரெஷ் போதாது. ரீகொரி அடித்தால் முதல் வரிக்கு ஓடிவிடும். அதற்கு முன்னால் லாட் எண்ணை எடுத்து வைத்து, பிறகு ஃபார்மின் பதிவுகளுக்கு நகலான ரெக்கார்ட்செட்குளோனில் ஃபைண்ட்ஃபர்ஸ்ட் போட்டுத் தேடி, இடத்தைக் குறிக்கும் புக்மார்க்கால் திரும்ப வரலாம். நிறம் சரியான வரியில் விழுகிறது. ஆனால் அந்த வரி திரையில் முன்பு இருந்த உயரத்தில் நிற்பதில்லை. கண் ஒரு நொடி தேடத்தான் செய்கிறது. இந்த ஒன்றுக்காக அக்சஸ் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ஒரு ஃபைலுக்கு 2 ஜிபி எல்லை, விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பதெல்லாம் எங்கள் அளவுக்குப் பொருட்டில்லை. மூன்று பேர் வேலை செய்யும் மண்டிக்கு, கொஞ்சம் கை வைக்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால், தாராளமாக வாங்கலாம்.

மஞ்சள் மண்டியில் மஞ்சள் நிறம் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று முதலாளி சொன்னதால் இளம்பச்சைக்கு மாற்றினேன். போன வாரம் சிவகிரிக்காரர் வந்தார். எடை போடும்போதே திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். விரலை நீட்டி, "இந்தப் பச்சை நம்மளதுங்களா?" என்று கேட்டுவிட்டு, மூட்டையை இன்னொருக்கா எண்ணப் போனார்.