ஆர்க்டிக் சார்ட்டருக்கு எந்த விமானம்? ட்வின் ஆட்டரும் போட்டியாளர்களும்

மிகக் குறைந்த ஓட்டத்தில் மேலேறுவது மட்டுமே அளவுகோல் என்றால் பதில் சுலபம்: சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் போர்ட்டர், சுமார் 200 மீட்டரில் தரையை விட்டுவிடும். ஆனாலும் கனடாவின் வடகோடியில், ரெசல்யூட் பேயிலிருந்து கிளம்பும் சார்ட்டர் (வாடகை விமான) வேலைக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன், எல்லோரும் ஒப்பிடுகிற அந்த ஓட்ட தூரம் அங்கே நுழைவுத் தகுதி மட்டும்தான்.

வேலை என்னவென்று முதலில் பாருங்கள். ஒரு ஆய்வுக் குழுவைக் கூடாரம், அடுப்பு, பனிவண்டி, சில வாரச் சாப்பாடு எல்லாவற்றோடும் எல்ஸ்மியர் தீவில் யாரும் இதற்குமுன் இறங்காத ஒரு பனிவெளியில் இறக்கிவிட வேண்டும். ரெசல்யூட்டிலிருந்து அந்தத் தீவிலுள்ள யுரேகா வானிலை நிலையம் 600 கி.மீ.க்கு மேல், நடுவில் ஊர் கிடையாது. வசந்தத்தின் தொடக்கத்தில் மைனஸ் 30 டிகிரி சாதாரணம். அந்த இடத்தில் ஒரே என்ஜினோடு கடல்பனிக்கு மேல் போவதா என்பதுதான் முதல் கேள்வி. என்ஜின் நின்றால் பனிமேல் இறங்கிவிடலாம், சரி, அதற்கப்புறம் மீட்க ஆள் வரும்வரை அந்தக் குளிரில் உயிரோடு இருக்க வேண்டுமே. ஒற்றை என்ஜின் போர்ட்டர் இங்கேயே பின்தங்கிவிடுகிறது. மொத்த எடையே 2,800 கிலோதான் என்பதால் சரக்கும் கொஞ்சம்தான் ஏறும்.

1965இல் முதலில் பறந்த டி ஹாவிலண்ட் ட்வின் ஆட்டருக்கு 5,670 கிலோ, இரண்டு பிடி6 டர்பைன்கள். மாலத்தீவில் மிதவை மாட்டிக்கொண்டு சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் அதே விமானம், இங்கே ஸ்கீ, அதாவது பனியில் சறுக்கும் பட்டைகள், போட்டுக்கொள்கிறது. ஸ்கீயில் பிரேக் கிடையாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பனியில் வேகத்தைக் குறைக்க புரொப்பெல்லரைப் பின்னோக்கி இழுக்க வைக்கலாம், அதை ஒற்றை டர்பைன் விமானமும் செய்யும். ஆனால் ஒரு பக்க என்ஜினுக்கு மட்டும் சக்தி கூட்டிக் குறுகிய இடத்தில் விமானத்தையே திருப்புவது இரண்டு என்ஜின் இருந்தால்தான் முடியும். பின்கதவும் அகலம், 205 லிட்டர் டிரம்களைப் பலகை போட்டு உருட்டி ஏற்றிவிடலாம்.

இதன் மெதுவான வேகமும் இங்கே ஒரு பலம். புது இடத்தில் விமானி உடனே நின்றுவிடுவதில்லை. ஸ்கீயைப் பனியில் லேசாக இழுத்துக்கொண்டே ஓடி, நிற்காமல் மறுபடி மேலேறி, வட்டமடித்து வந்து தடத்தைப் பார்ப்பார். தடம் கருத்திருந்தால் அடியில் தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம், அங்கே இறங்கக் கூடாது. கிரீஸ் ஃபியோர்டு கிராமத்தைப் பாருங்கள், 2021 கணக்கெடுப்பில் 144 பேர், மலைக்கும் கடலுக்கும் நடுவே 500 மீட்டர் அளவுக்கு ஒரு சரளை ஓடுதளம். அங்கே பல ஆண்டுகளாகப் போய்வருவது ட்வின் ஆட்டர்தான்.

குறையும் பெரியது. மணிக்கு 270 கி.மீ. மாதிரிதான் போகும், எரிபொருளை நன்றாகக் குடிக்கும். சாதாரணத் தொட்டியில் 1,400 லிட்டர் அளவு, யுரேகாவைத் தாண்டி ஒரு முகாமுக்குப் போய்த் திரும்ப அது போதாது, அதனால் வழியில் டிரம்களை முன்கூட்டியே கொண்டுபோய் வைக்க வேண்டும், அந்த டிரம்களைச் சுமக்கவும் இதே விமானம்தான் பறக்க வேண்டும், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். விலைப்பட்டியலில் என்னைப் பயமுறுத்துவது இந்தக் கணக்குதான்.

பழைய பீவரை நேசிப்பவர்கள் நிறைய, நானும் ஒருவன். 1947இல் முதலில் பறந்த அந்த 450 குதிரைசக்தி ஒற்றை பிஸ்டன் என்ஜின் விமானம் தெற்கே ஏரிகளில் அருமையாக வேலை செய்யும். வடகோடியில் பிரச்சினை எரிபொருள். கோடையில் கப்பலில் வந்து சேரும் ஜெட் எரிபொருள் ஊர்களில் கிடைக்கும், பிஸ்டன் என்ஜினுக்கான ஆவ்கேஸை நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். ஒற்றை ஆட்டருக்கு (ட்வின் ஆட்டரின் ஒரே என்ஜின் முன்னோடி) டர்பைன் மாற்றிப் பறப்பவர்கள் அந்தத் தொல்லையிலிருந்து தப்பிவிட்டார்கள், ஒரே என்ஜின் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

செஸ்னா கேரவனைக் குறைத்துப் பேச மாட்டேன். அலாஸ்காவின் பெத்தலைச் சுற்றி கிராமத்துக்குக் கிராமம் ஓடுதளம் இருக்கும் இடத்தில் ட்வின் ஆட்டரை அனுப்புவது வீண்செலவு, கேரவன் ஒரே என்ஜினில் தபாலும் ஆளும் சரக்கும் மலிவாகக் கொண்டுபோகும். ஆனால் அதன் மூக்குச் சக்கரத்தை மேடுபள்ளமான தூந்திரத்தில் நம்ப எனக்கு மனம் வராது. இறக்கையில் பனி படியும் வானிலையிலும் அதை ஓட்டுபவர்கள் கூடுதல் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும், அதில் நடந்த விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்காவில் அதற்கென்றே தனி விதிகள் வந்தன.

ட்வின் ஆட்டருக்கு உண்மையான போட்டி பாஸ்லர் பிடி-67. பழைய டிசி-3 விமானத்தின் உடலை நீட்டி டர்பைன் மாட்டியது, 13 டன் எடை, வேகமும் அதிகம். நீளமான, ஓரளவு சமமான பனித்தளம் கேட்கும் என்பதுதான் தடை. அதனால் பெரிய முகாமென்றால் இரண்டையும் சேர்த்தே யோசிப்பேன்: முதல் நடையில் ட்வின் ஆட்டர் சிலரை இறக்கிவிடும், அவர்கள் தளத்தைப் பார்த்துக் கொடி நட்டபின் பாஸ்லர் கனத்த சரக்கைக் கொண்டுவரும்.

இன்னொன்று, விலை கேட்கும்போது திரும்பும் எடையையும் சொல்லுங்கள். நிலவியல் குழு திரும்பி வரும்போது சாப்பாடு குறைந்திருக்கும், பாறை மாதிரிகள் பெட்டி பெட்டியாகச் சேர்ந்திருக்கும், அதற்குள் வெயிலில் பனியும் இளகியிருக்கும். இளகிய பனி ஸ்கீயைப் பிடித்து இழுக்கும், வந்த எடையோடு அங்கிருந்து எழும்ப முடியாமல் போகலாம். திரும்புவதற்கு இரண்டு நடை என்று ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.