57 வயதில் ஓய்வு பெறத் துணிவு தந்த தபால் நிலையத் திட்டம்

சிப்காட் வேலையில் விருப்ப ஓய்வு வாங்க நான் தயங்கியதற்கு ஒரே காரணம், சம்பளம் நின்றுவிடுமே என்பதுதான். அந்தப் பயத்தைப் போக்கியது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். பொதுவாக 60 வயது ஆக வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் 55-லேயே சேரலாம், ஆனால் ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள். கடலூர் தபால் நிலையத்தில் 15 லட்சம் போட்டேன். 8.2 சதவீத வட்டி, காலாண்டுக்கு 30,750 ரூபாய். 5 வருடத்துக்கு வட்டி விகிதம் மாறாது. கவுண்டரில் இருந்த அம்மா படிவத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார், அவருக்கு என் நன்றி.

மாதாமாதம் பணம் வராது என்பது ஒரு குறைதான். ஒரு வருடத்துக்குள் மூடினால் வட்டியே கிடையாது. ஆகவே அவசரத்துக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சேருங்கள்.

நைட் ஷிப்ட் இல்லை. காலையில் சில்வர் பீச்சில் மனைவியோடு நடை, அப்புறம் மீன் வாங்கிக்கொண்டு வீடு. முட்டி நன்றாக இருக்கும்போதே இது கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.